கயிற்றுப் பிளேன்

எங்கள் ஊரில் அதற்குக் கயிற்றுப் பிளேன் என்று பெயர் விழுந்துவிட்டது. கயிறு என்று அதில் ஏதுமில்லை. தூண்டில் நூல் மொத்தத்தில் இரண்டு உருக்குக் கம்பிகள், 18 மீற்றர் நீளம். கம்பிகளின் ஒரு முனை ஆளின் கையிலுள்ள கைபிடியில். மறுமுனை பிளேனின் இடது இறக்கைக்குள் நுழைந்து, அங்கே ஓர் ஆணியில் திரும்பும் முக்கோணத் தகட்டில் முடிகிறது. கைபிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் தகடு திரும்பும், வால் மடல் எழும்பும், பிளேன் ஏறும். கீழ்நோக்கிச் சாய்த்தால் இறங்கும். ஆளுக்குள்ள அதிகாரம் அவ்வளவுதான். இடம் வலம் திருப்ப முடியாது. வட்டத்தைக் கம்பி தீர்மானிக்கிறது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வளையம், சதுரம், முக்கோணம், எட்டு, நாலிலைப் பூ, தலைகீழ்ப் பறப்பு என்று வானத்தில் எழுதிக் காட்டுகிறார்கள்.

ஓர் இலக்கியச் சஞ்சிகையில் இதென்ன பிளேன் கதை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு கவிதையில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்து, மறுநாள் அதை எடுத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை விளங்கும் என்றே நினைக்கிறேன்.

இது நம்மவர் கண்டுபிடித்த விளையாட்டல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் இருந்த ஜிம் வோக்கர் என்பவர் 1940இல் 'ஃபயர்போல்' என்ற பிளேனை விற்பனைக்கு விட்டு, இரண்டு கம்பி முறைக்கு உரிமையும் பதிந்துகொண்டார். 1950களில் அந்த உரிமை நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிற்று. அதே ஓரிகனைச் சேர்ந்த ஒபா சென்ற் கிளெயர் அவருக்கும் முந்தியே அப்படியொன்றைச் செய்து பறக்கவிட்டிருந்தார் என்று வழக்கில் தெரியவந்தது. அவர் தன் பிளேனுக்கு வைத்த பெயர் 'மிஸ் ஷேர்லி'. மகளின் பெயர். வழக்கில் யார் வென்றார் என்பதைவிட இந்தப் பெயர்தான் என் மனதில் நிற்கிறது. பிறகு வந்தவர் ஜோர்ஜ் ஓல்ட்ரிச். அவர் வடிவமைத்து 1950களில் புகழ்பெற்ற 'நோப்ளர்', சாகசப் பறப்புக்கென்றே பிறந்தது. அதன் இறக்கையின் பின்விளிம்பிலும் மடல்கள் உண்டு. வால் மடல் எழும்பும்போது அவை தாழும். ஆகவே சின்ன இடத்துக்குள் மூலை திரும்பும்.

அப்படியொரு நோப்ளர்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஓமானில் பதினேழு வருடம் சாரதியாக இருந்த ஒரு காக்கா. அவர் வேலை செய்த இடத்தில் இருந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்து வெளியில் இதனைப் பறக்கவிடுவாராம். பிளேனைப் பிடித்துக்கொண்டு நின்று, தலையசைத்ததும் கையை விடுவது நம்ம காக்காவின் வேலை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது அந்த மனிதர் பெட்டியோடு அதை இவரிடம் கொடுத்துவிட்டார். 2017இல் காக்காவும் இடுப்பு வருத்தத்தோடு ஊரோடு வந்துவிட்டார். பெட்டிக்குள் பிளேன், கம்பிச் சுருள்கள், கைபிடி, ஒரு கொப்பி.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. இந்த எஞ்சின்களுக்கு மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்றுவார்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் ஆமணக்கெண்ணெய் பிசினாகிவிடும். சூடாக்கிப் பக்குவமாகத் திருப்பினால் இளகும். நாங்களும் இளக்கினோம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வாத்தியார் மெதனோல் தேடி அலைந்தால் எரிபொருள் கிடைப்பதற்கு முன் கேள்விகள் கிடைக்கும். ஆகவே எஞ்சினைக் கழற்றிக் காக்காவின் கையில் கொடுத்துவிட்டு, மின்மோட்டார், பற்றரி, ஐந்து நிமிடத்தில் தானே நிறுத்தும் டைமர் என்று மாற்றிக்கொண்டோம். இதில் ஒரு வசதியும் உண்டு. எண்ணெய் எரிய எரிய மூக்குப் பக்கம் பாரம் குறைந்து, தொடங்கியபோது இருந்த பிளேனும் முடிக்கும்போது இருக்கும் பிளேனும் இரண்டாகிவிடும். பற்றரியின் பாரம் மாறுவதில்லை. சீர்பார்க்கிறவனுக்கு இது பெரிய உபகாரம்.

இதெல்லாம் ஆயத்தமாக 2019 ஏப்ரல் வந்தது. குண்டுகள் வெடித்து நாலாம் நாள், 25ஆம் திகதி, ட்ரோன்களைப் பறக்கவிடுவது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. எங்களுடையதில் றேடியோ இல்லை, கமரா இல்லை, கையை விட்டு அது எங்கும் போகவும் முடியாது. ஆனாலும் பற்றரி, வயர், டைமர் என்று ஒரு பெட்டி முஸ்லிம் ஊரொன்றில் வாத்தியார் வீட்டில் இருப்பதற்கு அது காலமல்ல. பெட்டியைக் காக்கா வீட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவைத்தோம். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே ஏற்றிவிட்டோம். பிறகு கொரோனா. பிறகு 2022இன் பெற்றோல் வரிசைகள். பெட்டி 2023இல்தான் இறங்கியது.

அதற்கிடையில் அந்தக் கொப்பியை ஒருத்தி வாசித்து முடித்திருந்தாள். காக்காவின் மூத்த மகள். அப்போது என்னிடம் பத்தாம் ஆண்டில் கணிதமும் விஞ்ஞானமும் படித்துக்கொண்டிருந்தாள். கொப்பி முழுக்க வெள்ளைக்காரரின் கையெழுத்து: திகதி, காற்று, என்ன மாற்றினார், என்ன நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், அதற்கு மேலில்லை. அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் தேடி எழுதியிருந்தாள். ஒரு சொல் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அகராதி அதற்குக் கதவுப் பிணைச்சல் என்று பொருள் சொல்கிறதாம். பிளேனில் கதவு எங்கே என்று என்னிடம் வந்தாள். எனக்கும் தெரியவில்லை. பறக்கவிட்டபோதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் நோப்ளரைத் தொட நான் தயாராக இருக்கவில்லை. அது ஒன்றுதான் உண்டு. ஒரு முறை தரையில் குத்தினால் கதை முடிந்தது. தடித்த நுரைப்பலகையில் தட்டையாக ஒன்றை வெட்டி, சின்ன மோட்டார் பூட்டி, அதிலேதான் பழகினேன். முதலில் பழக வேண்டியது தலைசுற்றலைத்தான். ஒரு சுற்றுக்கு ஐந்து செக்கன் சொச்சம் என்றால் ஐந்து நிமிடத்தில் கிட்டத்தட்ட அறுபது தடவை நின்ற இடத்தில் சுழல வேண்டும். பிளேனை மட்டும் பார்த்துக்கொண்டு சுழன்றால் தலை சுற்றாது. பின்னாலுள்ள தென்னைகளைப் பார்த்தால் முடிந்தது.

சீர்பார்ப்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட சொல் 'முச்சை பார்த்தல்'. பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. முச்சையை மேலே ஏற்றிக் கட்டினால் பட்டம் காற்றில் படுத்துக்கொண்டு உயரப் போகும், இழுவை குறையும். கீழே இறக்கினால் கையை அறுக்கிற மாதிரி இழுக்கும், ஆனால் ஏறாது. பலமாக இழுக்கிற பட்டம்தான் நல்ல பட்டம் என்று நினைப்பது சின்னப் பிள்ளைகள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கயிற்றுப் பிளேனில் பாதி முடிந்தது.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். எங்கள் பிளேன் 1.25 கிலோ. கையின் நீளத்தையும் சேர்த்து வட்டத்தின் ஆரை 19 மீற்றர். ஒரு சுற்றுக்கு 5.2 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 23 மீற்றர். மையநாட்ட விசையைக் கணித்தால் சுமார் 35 நியூற்றன் வரும். மூன்றரைக் கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கிய மாதிரி. இது தாழப் பறக்கும்போது. தலைக்கு நேர் மேலே வரும்போது பிளேனின் சொந்த நிறை நமக்கு எதிராக நிற்கிறது. 35இல் 12 போக 23. ஏறும்போது வேகம் 20 ஆகக் குறைந்திருந்தால்? பிள்ளைகள் பலகையில் செய்து பார்த்தார்கள். 14தான். வேகத்தில் ஏழில் ஒரு பங்குகூடக் குறையவில்லை; கம்பியின் இழுவையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. கம்பி தளர்ந்தால் கைபிடி வெறும் மரத்துண்டு. மேல் கம்பி, கீழ்க் கம்பி என்பதற்கு அங்கே அர்த்தமில்லை. பிளேன் நம் தலையில் விழலாம்.

இந்தப் பயத்தில்தான் அந்தக் காலத்தில் பிளேனை வெளியே இழுக்க வைப்பதற்குப் பல வேலை பார்த்தார்கள். சுக்கானை வட்டத்துக்கு வெளியே திருப்பினார்கள். எஞ்சினை வெளியே சாய்த்துப் பூட்டினார்கள். வெளி இறக்கை நுனியில் ஈயத்தை ஏற்றினார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் வெள்ளைக்காரரும் இதையேதான் செய்திருக்கிறார்: சுக்கான் 12 மில்லிமீற்றர் வெளியே. ஐந்தாறு பக்கம் கழித்து 8. பிறகு 5. கடைசியில் கிட்டத்தட்ட நேர். ஏன் இந்த மனிதன் தனக்குப் பாதுகாப்பானதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினான் என்று மகள் கேட்டாள். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு பறக்கிற பிளேன் நண்டு போலப் பக்கவாட்டில் போகிறது. காற்று அதைத் தடுக்கிறது. வேகம் போகிறது. தாழப் பறக்கும்போது நன்றாக இழுக்கும். தலைக்கு மேலே, இழுவை உண்மையில் வேண்டிய இடத்தில், கைவிட்டுவிடும். நேராகவும் விரைவாகவும் பறக்கிற பிளேன் தன் ஓட்டத்தினாலேயே கம்பியை இறுக்கி வைத்திருக்கிறது.

அந்தக் கொப்பியில் நான் படித்த பெரிய விஷயம் இதுதான். மற்றதெல்லாம் மில்லிமீற்றர்களும் கிராம்களும்.

ஒரு சனிக்கிழமை, சுபஹ் தொழுதுவிட்டு, காற்று எழும்பு முன் பாடசாலை மைதானத்துக்குப் போனோம். அதற்கு முதல் வாரம் முழுக்க நிலத்தில் செய்ய வேண்டியவற்றைச் செய்திருந்தோம். பற்றரியை முன்னும் பின்னும் நகர்த்தி, புவியீர்ப்பு மையத்தை இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தோம். அது முன்னால் போனால் பிளேன் மாட்டு வண்டி மாதிரித் திரும்பும். பின்னால் போனால் ஒரு நிலையில் நிற்காது. இரண்டு கம்பிகளிலும் பிளேனைத் தொங்கவிட்டால் மூக்கு சற்றே கீழே சாய வேண்டும், சாய்ந்தது. காக்கா பிளேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையசைத்தேன். பதினேழு வருடப் பழக்கம், கை தானாக விட்டது.

"என்ன சேர் இது, தேனீர சத்தம்" என்றார் இறங்கியதும். எஞ்சினின் அலறலை எதிர்பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நடுவில் நிற்பவனுக்குத் தெரியாத பல விஷயங்கள் வெளியே நிற்பவருக்குத் தெரியும். மகள் வெளியே நின்று எழுதினாள். நேராகப் பறக்கும்போது வெளி இறக்கை உயர்ந்திருக்கிறது. தலைகீழாகப் பறக்கும்போது அதே இறக்கை தாழ்ந்திருக்கிறது. நான் ஈயம் போதாது என்று நினைத்தேன். அவள் கொப்பியைப் புரட்டி, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாட்டி அது பாரம் இல்ல சேர், முறுக்கு" என்றாள். அலுமாரிக்கு மேலே நாலு வருடம் கிடந்ததில் வெளி இறக்கையின் மடல் ஒரு நூல் கீழே வளைந்திருந்தது. அந்த வளைவு நேர்ப்பறப்பில் இறக்கையைத் தூக்கும், தலைகீழில் நிலத்தை நோக்கித் தள்ளும். பாரமென்றால் இப்படிப் பக்கம் மாறாது. கேத்தல் ஆவியில் காட்டி, முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆறும்வரை காக்கா பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஈயம். வெளி இறக்கை வட்டத்துக்கு வெளிப்புறம். எங்கள் பிளேனின் 1.3 மீற்றர் இறக்கை விரிவுக்கு, வெளி நுனி ஒவ்வொரு சுற்றிலும் உள் நுனியைவிட எட்டு மீற்றர் கூடுதலாக ஓடுகிறது. விரைவாக ஓடுவதற்குத் தூக்கமும் கூட. அதற்காகத்தான் உள் இறக்கையைச் சற்று நீளமாக வைப்பார்கள். கம்பிகளுக்கும் நிறை உண்டு. எங்களுடையவை இரண்டும் சேர்ந்து சுமார் 25 கிராம். அதில் பாதியை உள் இறக்கை சுமக்கிறது. இதையெல்லாம் ஈடுசெய்யத்தான் வெளி நுனியில் ஈயம். கரைவலைக்காரர் வீட்டில் வலை ஈயம் கேட்டு வாங்கி, அரத்தால் தேய்த்து, நகைக்கடைத் தராசில் ஐந்து ஐந்து கிராமாக நிறுத்து வைத்துக்கொண்டோம். பொன் நிறுக்கிற தராசில் ஈயத்தை வைத்தால் கடைக்காரர் என்னதான் நினைப்பார்? கேட்கவில்லை, நல்ல மனிதர்.

35 கிராமில் தொடங்கினோம். சதுரத்தின் மூலையில் கைபிடியைச் சட்டென்று வளைத்தபோது, வெளி இறக்கை பின்தங்கித் தொங்கி, பிறகு தடாலென்று நிமிர்ந்தது. உள் இறக்கை கதவு நிலை போலவும் வெளி இறக்கை கதவு போலவும் தெரிந்தது. "சேர், பிணைச்சல்!" என்று வெளியிலிருந்து ஒரு சத்தம். அந்தச் சொல் இதுதான். பாரம் கூடிப்போனால் எந்தப் பக்கம் மூலை திரும்பினாலும் வெளி நுனி திருப்பத்துக்கு வெளியே தொங்கும். ஐந்து கிராம் எடுத்தோம். அடுத்த சனிக்கிழமை இன்னும் ஐந்து. இருபதுக்கு வந்தபோது தலைக்கு மேலே வெளி நுனி உயர்ந்து, பிளேன் என் பக்கம் சரிந்தது. கம்பி தளர்ந்தது கையில் தெரிந்ததும் பின்னால் நாலைந்து எட்டு ஓடித்தான் அதை மீட்டேன். இருபத்தைந்தில் நிறுத்தினோம்.

மைதானத்து மதிலோரம் ஆட்கள் சேரத் தொடங்கியது இந்த நாட்களில்தான். சின்னப் பிள்ளைகளுக்கு வேடிக்கை. பெரியவர்களின் கண் பிளேனில் இருக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, மைதானத்தில், ஆண்களுக்கு நடுவே, கொப்பியும் கையுமாக. அவள் நுரைப்பலகைப் பிளேனின் கைபிடியைத் தானே பிடித்துச் சுழன்ற அன்று, மரியாதைக்குரிய ஒருவர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "சேர், நீங்க படிச்ச மனிசன். இந்தப் புள்ளைக்கு இது என்னத்துக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார். "நான்தான் கூட்டி வாறன் ஹாஜியார். நானும் இஞ்சதானே நிக்கிறன்." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஹாஜியாரும் உடனே போய்விடவில்லை. மகள் இறக்கும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

எங்கள் பாடசாலை பதினோராம் ஆண்டோடு முடிகிறது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு வேண்டுமென்றால் நகரத்துப் பாடசாலைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். ஊரில் இருந்து அப்படிப் போன பெண்பிள்ளைகள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள்தான். கலைப் பிரிவென்றால் பக்கத்து ஊரிலேயே முடித்துவிடலாம். இந்தப் பேச்சை நான் காக்காவிடம் இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் "பாப்பம் சேர்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உம்மாவுக்கு விருப்பமில்லை, மூத்தம்மாவுக்குச் சம்மதமேயில்லை.

மகள் சாதாரணதரம் எழுதி முடித்த பிறகு ஒரு நாள், கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். சுருட்டுவதும் ஒரு வேலைதான். ஒரு முறுக்கு விழுந்தால் கம்பி அந்த இடத்தில் அறும். காக்கா பிளேனின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சேர், அந்தக் கணிதப் பிரிவெண்டா... காலையில எத்தின மணி பஸ்ஸில ஏறணும்?"

"ஆறு இருபது" என்றேன்.

"ஆறு இருபதெண்டா சுபஹுக்குப் பிறகு நேரம் இரிக்கி" என்றார்.

இப்போது மிச்சமிருப்பது தலைக்கு மேலே போடும் எட்டு. அதன் இரண்டாவது வளையத்தில் கம்பி இன்னும் ஒரு கணம் மெலிகிறது. மேலே கையில் 14 நியூற்றன்கூட இல்லை என்பது என் கணிப்பு. சுக்கானில் இனித் தொட ஒன்றுமில்லை, அது நேர். ஈயமும் சரி. கம்பிகள் இறக்கையிலிருந்து வெளியேறும் வாய் மட்டும் பாக்கி. அது பின்னால் இருந்தால் மூக்கு வெளியே திரும்பி வேகத்தைத் தின்னும். முன்னால் போனால் மேலே இழுவை குறையும். இப்போது இருப்பது பின்னால் என்பதில் எங்கள் இருவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. எவ்வளவு முன்னால் தள்ளுவது என்பதில்தான். நான் ஒன்றரை மில்லிமீற்றர் என்கிறேன். அவள் மூன்று என்கிறாள். ஒன்றரையென்றால் வித்தியாசமே தெரியாது, ஒரு சனிக்கிழமை வீணாகும் என்பது அவள் கட்சி. அவளுக்கு இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் ஓய்வு, மற்றவற்றில் நகரத்தில் மேலதிக வகுப்பு. வருகிற சனிக்கிழமை அந்த ஒன்று. மூன்று என்று கொப்பியில் எழுதியாயிற்று.